புதுப் பிரசிடெண்ட் வந்தால் எது மாறும், எது மாறாது: வாக்களிக்கும் முன் அச்சத்தைப் புடைத்துப் பார்ப்பது எப்படி

ஊராட்சித் தேர்தல் நெருங்கும் மாதங்களில் தாமிரபரணிக் கரை ஊர்களில் பேச்சின் தன்மையே மாறிவிடுகிறது. சட்டப்பேரவைத் தேர்தலின்போதோ நாடாளுமன்றத் தேர்தலின்போதோ இத்தனை கவலை வெளிப்படுவதில்லை. ஊராட்சி மன்றத் தலைவர் நம் ஊருக்குள்ளேயே குடியிருப்பவர். அவரை நாம் அன்றாடம் எதிரே பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் பார்க்க வேண்டும். ஆகவே "புது பிரசிடெண்டு வந்தா நம்ம தெரு பைப்ப அடைச்சிருவாவ" என்று ஒருவர் சொன்னால், அருகில் இருப்பவர் "நூறு நாள் அட்டையையும் பிடுங்கிருவாவ" என்கிறார். மூன்றாமவர் முதியோர் பணம் நின்றுவிடும் என்கிறார், நான்காமவர் கோயில் கொடையை நடத்தவிடமாட்டார்கள் என்கிறார். டீக்கடையில் தொடங்கும் பேச்சு இரவுக்குள் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நான் 2011 முதல் 2016 வரை சேரன்மகாதேவிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் வார்டு உறுப்பினராக இருந்தேன். அப்போதும் அதன் பிறகும் மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்களில், நடந்துவிட்ட இழப்புக்காக வந்தவர்களைவிட, நடக்கப்போவதாக அஞ்சி வந்தவர்களே மிகுதி. தனக்குப் பிடித்த வேட்பாளருக்கு வாக்களித்தால் முதியோர் உதவித்தொகை நின்றுபோகும் என்று யாரோ சொன்னதை நம்பி, மனத்துக்கு ஒவ்வாத ஒருவருக்கு முத்திரை குத்திவிட்டு, ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்த ஆச்சி ஒருவரை எனக்குத் தெரியும். அந்த உதவித்தொகையைத் தொடும் அதிகாரம் எந்தப் பிரசிடெண்டுக்கும் கிடையாது என்று அவருக்கு முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

நம் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி அனுபவம் உண்டு. 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தல் தள்ளிப்போயிற்று. மற்ற 27 மாவட்டங்களின் கிராமப்புறங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. ஆனால் தென்காசி பிரிந்ததால் எல்லை மாறிய திருநெல்வேலியும் சேர்ந்த ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நம் ஊர்களில் பிரசிடெண்டே இல்லை. தேர்தலில் வராத, அரசு நியமித்த தனி அலுவலர்தான் இருந்தார். அந்தக் காலத்தில் ரேஷன் கடை திறந்தே இருந்தது, முதியோர் பணம் வந்துகொண்டிருந்தது, பட்டா மாறுதல் நடந்தது, நூறு நாள் வேலையும் நடந்தது. ஆனால் தெருவிளக்கு அணைந்தால் சொல்வதற்கு ஆள் இல்லை. குழாய் உடைந்து சாக்கடையோடு கலந்தால் ஒன்றிய அலுவலகம் வரை நடக்க வேண்டியிருந்தது. கிராம சபையில் கேட்ட கேள்விக்கு ஊர்க்காரர் ஒருவர் முகம் பார்த்துப் பதில் சொல்ல வழியில்லை. ஒரு பிரசிடெண்ட் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2021இல் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த தேர்தல் எந்த நாளில் நடந்தாலும், கீழே சொல்லும் முறை பயன்படும்.

முதலில் அச்சத்தை எழுதிக்கொள்ளுங்கள்

சுளகில் போட்டுப் புடைக்க வேண்டுமானால் கையில் தானியம் இருக்க வேண்டும். "எல்லாம் போயிரும்" என்பதைப் புடைக்க முடியாது. எது போய்விடும், யாருடையது போய்விடும், எப்போதிலிருந்து போய்விடும் என்று ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "எங்கள் தெருக் குழாயில் காலை ஆறு மணிக்கு வரும் தண்ணீர், இன்னார் தலைவராக வந்தால் எங்கள் தெருவுக்கு மட்டும் நிறுத்தப்படும் என்று அஞ்சுகிறேன்" என்று எழுதினால், அதை ஆராயலாம். எழுத முடியாத அச்சமாக இருந்தால், அது பெரும்பாலும் பிறர் நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போன அச்சமாக இருக்கும்.

அதே தாளில், இதை உங்களிடம் முதலில் சொன்னவர் யார் என்பதையும் குறித்துவையுங்கள். அவர் ஒரு வேட்பாளரின் சொந்தக்காரரா, இப்போதுள்ள தலைவரிடம் ஒப்பந்த வேலை எடுப்பவரா, அல்லது தானும் கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறாரா என்று யோசியுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. தண்ணீர் தொட்டிப் பக்கத்தில் குடியிருப்பவர் தண்ணீரைப் பற்றிச் சொல்வதற்கும், வாக்குச் சேகரிக்க வந்தவர் தண்ணீரைப் பற்றிச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

அடுத்து, கையெழுத்து யாருடையது என்று கேளுங்கள்

நீங்கள் அஞ்சும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு மேசையும் ஒரு கையெழுத்தும் இருக்கின்றன. அந்த மேசை எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்டால் பாதிக்குமேல் தெளிந்துவிடும்.

ரேஷன் அட்டையைக் கொடுப்பதும் நீக்குவதும் உணவுப் பொருள் வழங்கல் துறை. வட்ட வழங்கல் அலுவலர் அதற்குப் பொறுப்பு. கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம். முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகைகள் வருவாய்த் துறை வழியே, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் ஆணையில் வருகின்றன. பட்டாவும் வருவாய்த் துறையைச் சேர்ந்தது. கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், வட்டாட்சியர் என்பதே அதன் வழி. பட்டா நிலத்தைப் பறிக்கவோ புதிதாகப் பட்டா கொடுக்கவோ ஊராட்சி மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. ஆகவே இவை மூன்றையும் சொல்லி யாராவது அச்சுறுத்தினால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

வயலுக்குத் தண்ணீர் வராது என்ற அச்சம் வேளாண்மை செய்யும் வீடுகளில் மிக ஆழமானது. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 143 அடி கொள்ளளவு மட்டமுள்ள பாபநாசம் அணையிலிருந்தும் 118 அடி மட்டமுள்ள மணிமுத்தாறு அணையிலிருந்தும் கார், பிசானம் ஆகிய இரு நெல் பருவங்களின் சாகுபடிக்கும் தண்ணீர் திறப்பது அரசின் ஆணைப்படி நீர்வளத் துறை செய்வது. கன்னடியன் கால்வாயின் மதகையோ கோடகன் கால்வாயின் மதகையோ எந்த ஊராட்சித் தலைவரும் தன் விருப்பத்துக்கு அடைக்க முடியாது. ஆனால் சிறிய ஊர்க்குளங்களின் கதை வேறு. பெரிய பாசனக் குளங்கள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. ஊர்க்குளத்தின் கரை, மடை, மிகுநீர் வழியும் மறுகால், அதற்கு வரும் ஓடையின் ஆக்கிரமிப்பு ஆகியவற்றில் ஊராட்சித் தலைவரின் அக்கறையும் அக்கறையின்மையும் தெரியும். உங்கள் குளம் எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு அஞ்சுங்கள்.

நூறு நாள் வேலை 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் பிறந்தது. அதன் பெயரோ நாள் கணக்கோ நிதிப் பங்கீடோ மாறுவதென்றால் அது தில்லியில் மாறும். நம் ஊர் ஊராட்சி அலுவலகத்தில் மாறாது. கூலி தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு நேராகச் செல்கிறது. வேலை அட்டை குடும்பத்தின் உடைமை; அதைத் தலைவரோ பணித்தளப் பொறுப்பாளரோ வாங்கித் தம் வீட்டில் வைத்துக்கொள்வது முறைகேடு. ஆனால் எந்தத் தெருவுக்கு எந்த வாரம் வேலை, யார் பணித்தளப் பொறுப்பாளர், எந்த வேலையை முதலில் எடுப்பது என்பவற்றில் தலைவரின் சொல்லுக்குச் செல்வாக்கு உண்டு. அச்சத்தை இங்கே இரண்டாகப் பிரிக்க வேண்டும்: அட்டை போய்விடும் என்பது வீண், முறை வைப்பதில் ஓரவஞ்சனை நடக்கலாம் என்பது கவனிக்க வேண்டியது.

சுடலைமாடன் கோயில் கொடையையோ அம்மன் கோயில் கொடையையோ நிறுத்தும் அதிகாரம் ஊராட்சி மன்றத்திடம் இல்லை. ஒலிபெருக்கிக்கும் ஊர்வலத்துக்கும் காவல் துறையிடம் அனுமதி கேட்கிறோம். கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் அத்துறையிடம் கேட்கிறோம். கல்குவாரிக்கு உரிமம் தருவதும் தலைவர் அல்லர். மாவட்ட ஆட்சியர், கனிமவளத் துறை, சுற்றுச்சூழல் அனுமதி தரும் அமைப்பு ஆகியோர் வழியாகவே அது நடக்கிறது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளத்தில் குவாரிப் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்த பிறகு, நம் பக்கத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே நெஞ்சு பதறுகிறது. அந்தப் பதற்றம் நியாயமானது. குவாரி வரக்கூடாது என்று நினைப்பவர்கள் தலைவர் யார் என்பதோடு நிற்காமல், கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலை ஆட்சியரிடம் கொடுப்பதையும் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதுபோலவே, ஊரை மாநகராட்சியோடு இணைத்துவிடுவார்கள் என்ற பேச்சு பாளையங்கோட்டையைச் சுற்றிய ஊர்களில் அடிக்கடி எழுகிறது. அந்த முடிவு மாநில அரசுடையது.

இப்போது, உண்மையிலேயே அவர் கையில் இருப்பவை

இதுவரை சொன்னதை வைத்து, பிரசிடெண்டால் எதுவும் செய்ய முடியாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அப்படி நினைத்து வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருப்பது அஞ்சுவதைவிடத் தீங்கானது. அவரிடம் இருக்கும் அதிகாரங்கள் சிறியவைபோலத் தோன்றினாலும் ஒரு குடும்பத்தின் காலைப் பொழுதையே தீர்மானிப்பவை.

குடிநீர்தான் முதலாவது. தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரை ஊர் எல்லைவரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியமாக இருக்கலாம்; மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் திறப்பது என்பதை நடத்துவது ஊராட்சி. தொட்டி இயக்குபவர், அதாவது நாம் டேங்க் ஆபரேட்டர் என்று அழைப்பவர், ஊராட்சியின் பணியாளர். வால்வை அரைச் சுற்றுக் குறைத்தாலே மேட்டுத்தெருவில் குடம் நிரம்பாது. அதற்கு எந்த ஆணையும் தேவையில்லை, எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது. ஆகவே தண்ணீரைப் பற்றிய அச்சத்தை நான் ஒருபோதும் வீண் என்று சொல்ல மாட்டேன். இதற்கு நான் கண்ட நல்ல வழி ஒன்று உண்டு. தேர்தலுக்கு முந்தைய இரண்டு வாரங்கள், உங்கள் தெருவில் தண்ணீர் வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஒரு நாட்காட்டியில் நாள்தோறும் குறித்துவையுங்கள். தேர்தலுக்குப் பிறகும் இரண்டு வாரங்கள் குறியுங்கள். மாறியிருந்தால் அது கண்ணெதிரே தெரியும். மாறாவிட்டால் மனம் அமைதிகொள்ளும். வெறும் குற்றச்சாட்டுக்கு இல்லாத வலிமை அந்த நாட்காட்டிக்கு உண்டு.

இரண்டாவது, பயனாளிகள் பட்டியல். பிரதம மந்திரியின் வீட்டுத் திட்டமானாலும், மாநில அரசின் கலைஞர் கனவு இல்லமானாலும், பணம் கொடுப்பது அரசு. பணி ஆணை தருவது ஒன்றிய அலுவலகம். ஆயினும் யாருடைய குடிசை முதலில் கணக்கில் வருகிறது என்பதில் ஊராட்சித் தலைவரின் குரல் உரத்து ஒலிக்கிறது. அதற்கு எதிரான காப்பு, பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கச் செய்வதே. வாசிக்காமல் கையெழுத்து வாங்கும் பழக்கம் உள்ள ஊர்களில், புதியவர் வந்தாலும் பழையவர் தொடர்ந்தாலும் அச்சம் நீங்காது.

மூன்றாவது, ஏலம். ஊர்க் குளத்தில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலம், புளியமர ஏலம், சீமைக் கருவேல மர ஏலம் ஆகியவை வெளிப்படையாக நடக்கின்றனவா, ஊரறிய முன்கூட்டியே அறிவிக்கிறார்களா, பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்பவை தலைவரைப் பொறுத்து மிகவும் மாறக்கூடியவை. தெருவிளக்கு, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை, ஊராட்சிச் சாலை ஆகியவற்றில் எது முதலில் என்பதும் அப்படியே. வீட்டு வரியை மன்றம் தன் விருப்பத்துக்கு ஏற்றிவிட முடியாது. அரசு வகுத்த விகித வரம்புக்குள்தான் முடிவுசெய்ய முடியும். வீடு கட்டும் அனுமதியை இழுத்தடிப்பார்கள் என்ற பழைய அச்சமும் பெரிதும் குறைந்துவிட்டது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்கள் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம்.

இந்த அதிகாரங்கள்கூட ஒருவரிடமே குவிந்து கிடப்பவை அல்ல. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையொப்பமிட வேண்டும். மாதந்தோறும் மன்றம் கூட வேண்டும். வார்டு உறுப்பினர்களின் பெரும்பான்மை இல்லாமல் தீர்மானம் நிறைவேறாது. கடுமையான முறைகேடு நடந்தால் அச்சட்டத்தின் 205ஆம் பிரிவின் கீழ் விசாரணை நடத்தித் தலைவரை நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு இருக்கிறது. எனவே தலைவர் பதவிக்கு யார் என்று பத்து நாள் பேசும் நாம், வார்டு உறுப்பினருக்கும் அதே கவனத்தைக் கொடுக்க வேண்டும். நான் வார்டு உறுப்பினராக இருந்தபோது, தீர்மானப் புத்தகத்தின் வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து கேட்டார்கள். மறுத்தது பெரிய வீரம் இல்லை. ஆனால் ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் அடுத்த கூட்டத்தில் பேச்சு நடக்கும் என்பதை அன்று கண்டேன்.

சாதியை முன்னிட்டு எழும் அச்சத்தைத் தனியே எடுத்து வையுங்கள்

நம் பகுதியைப் பற்றி எழுதும்போது இதை மறைத்தால் எழுதியதற்குப் பொருளில்லை. "அவிய வந்தா நாம தலையெடுக்க முடியாது" என்று சொல்லும்போது, அந்த வாக்கியத்தில் தண்ணீரும் இல்லை, சாலையும் இல்லை, பட்டியலும் இல்லை. முதலில் சொன்னபடி அதை எழுதிப் பாருங்கள். எதை இழக்கப்போகிறோம் என்ற இடம் வெற்றிடமாகவே நிற்கும். அது ஆட்சி மாற்றம் பற்றிய அச்சம் அன்று. நேற்றுவரை கைகட்டி நிற்கவைக்கப்பட்டவர் நாளை நாற்காலியில் அமர்வதைப் பொறுக்காத மனம்.

இந்த மனம் என்ன செய்யும் என்பதை நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. தாழையூத்து ஊராட்சியின் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முயன்றதையொட்டி எழுந்த பகையில், 2011 ஜூனில் கொடூரமாக வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். குற்றவாளிகளுக்குத் திருநெல்வேலி நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2024இல். அந்த ஊரில் ஒரு பிரசிடெண்ட் மாற்ற நினைத்தது ஒரு கழிப்பறையை மட்டுமே. இட ஒதுக்கீட்டின்படி எந்த ஊராட்சி பட்டியல் சமூகத்துக்கு, எந்த ஊராட்சி பெண்களுக்கு என்பது அரசு சட்டப்படி சுழற்சி முறையில் அறிவிப்பது. அதை எந்த வேட்பாளரும் நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை. அச்சத்தை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் முன், இப்படிப்பட்ட அச்சமாக இருந்தால் அதை நம்மோடு நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்குள் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அஞ்சுபவர் எதிர்ப்பக்கத்திலும் இருக்கலாம். பல ஆண்டுகளாகக் கடைசித் தெருவாகவே வைக்கப்பட்ட மக்கள், "யார் வந்தாலும் எங்களுக்கு ஒன்றும் வராது" என்று அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்துக்குப் பின்னால் உண்மையான அனுபவம் இருக்கிறது. இதை எழுதிப் பார்த்தால் வாக்கியம் நிறைந்து நிற்கும். இதைத்தான் வேட்பாளரிடம் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

வேட்பாளரிடம் எப்படிக் கேட்பது

வாக்குக் கேட்டு வருபவர் வாசலில் நிற்கும் அந்த ஐந்து நிமிடம் விலைமதிப்புள்ளது. "எங்களுக்கு என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் எல்லோரும் எல்லாம் செய்வோம் என்பார்கள். அதற்குப் பதிலாக, "அண்ணாச்சி, டேங்க் ஆபரேட்டரை மாத்துவியளா?" என்றோ, "மீன்பாசி ஏலப் பணத்தக் கிராம சபைல வாசிப்பியளா?" என்றோ, "வீட்டுப் பட்டியல நோட்டீஸ் போர்டுல ஒட்டுவியளா?" என்றோ கேளுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய கேள்விகளாக இருக்கட்டும். தெருவில் நான்கு பேர் முன்னிலையில் கேளுங்கள். சொன்னதை அன்றே எழுதிவையுங்கள். தனியே அழைத்துச் சொல்லும் வாக்குறுதியைப் பொருட்படுத்தாதீர்கள்.

உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வேட்பாளராக அக்கா நிற்பதும் பேசுபவராக அத்தான் வருவதும் வழக்கமாகிவிட்டது. கேள்வியை அக்காவிடமே கேளுங்கள், அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். கணவர்தான் ஆளப்போகிறார் என்ற அச்சத்தைப் போக்கவோ உறுதிசெய்யவோ இதைவிட நேரான வழி இல்லை.

பணத்தையும் குங்குமத்தையும் கொடுத்துக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. வாங்கிவிட்டு மாற்றிப் போட்டால் சாமி குத்தம் வந்துவிடும் என்று அஞ்சும் தாய்மார்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்பது சட்டம். வற்புறுத்தி வாங்கிய சத்தியத்துக்குத் தெய்வம் சாட்சியாக நிற்காது என்பது என் நம்பிக்கை. இந்த வலையில் விழாமலிருக்க, அவர்கள் வரும் முன்னரே வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, பணத்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிடுவது நல்லது.

வாக்குச்சாவடியில்

கிராம ஊராட்சிப் பகுதியில் நான்கு வாக்குகள் உண்டு. தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. சில இடங்களில் வார்டு உறுப்பினர் சீட்டு நீலமாக இருக்கும். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒரு வார்டில் வாக்குகள் குறைவாக இருப்பதால், "யாருக்குப் போட்டோம்னு தெரிஞ்சுரும்" என்ற அச்சம் இங்கே மிகவும் பரவலாக இருக்கிறது. உங்கள் பகுதி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவர்கள் ஊகிக்கலாம். நீங்கள் எந்தச் சின்னத்தில் முத்திரையிட்டீர்கள் என்பதை யாரும் அறிய முடியாது. முத்திரை காயும்வரை பொறுத்து, மை மறுபக்கம் ஒட்டாதபடி மடித்துப் பெட்டியில் போடுங்கள். வெளியே யாரிடமும் காட்டாதீர்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

தேர்தலுக்கு முன்பே வீட்டில் ஒரு பையில் சில தாள்களைச் சேர்த்துவைப்பது நல்லது. வீட்டு வரி ரசீது, குடிநீர் இணைப்புக்குக் கட்டிய வைப்புத்தொகை ரசீது, நூறு நாள் வேலை அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், உதவித்தொகை ஆணை, வீட்டுத் திட்டத்துக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு ஆகியவை அவை. ஊராட்சியில் தற்காலிகமாக வேலைபார்க்கும் தூய்மைக் காவலர்களும் தொட்டி இயக்குபவர்களும் தங்களை நியமித்த தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். புதிய தலைவர் வந்தால் முதலில் ஆட்டம் காண்பது அவர்கள் வேலைதான்.

முடிவு வந்த பிறகு

நீங்கள் விரும்பாதவர் வென்றுவிட்டால் முதல் ஒரு மாதம் எந்தக் குற்றச்சாட்டும் வேண்டாம். நாட்காட்டியில் குறிப்பதை மட்டும் தொடருங்கள். அதன் பிறகு வரும் முதல் கிராம சபைக்குத் தவறாமல் போங்கள். 2022இலிருந்து நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை சபை கூட்டப்படுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். உங்கள் தெருவிலிருந்து பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போனால், அந்தக் கணக்கில் நீங்கள் தவிர்க்க முடியாதவர்களாகிவிடுவீர்கள்.

சபையில் எதிர்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. நம் மானூர்க் கோயிலில் ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் கால வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, ஊர்ச் சபையின் விதிகளைச் சொல்கிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைவிட அது நூறாண்டுக்கு மேல் பழையது. சபையில் வரும் ஒவ்வொன்றுக்கும் "அன்று, அன்று" (அதாவது "அல்ல, அல்ல") என்றே மறுத்துக்கொண்டிருப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. அது நிலப்பங்கு உடைய பிராமணர் மட்டுமே அமர்ந்த சபை. இன்று அந்தத் திண்ணையில் கூலி வேலைக்குப் போகும் பெண்ணும் எழுந்து பேசலாம் என்பது பெரிய மாற்றம். ஆனால் எல்லாவற்றையும் மறுப்பவரின் சொல்லுக்கு மதிப்புக் குறையும் என்பது அன்றைக்குப்போல இன்றைக்கும் உண்மை. ஆகவே ஒரு கூட்டத்தில் ஒரு கேள்வி போதும். நாட்காட்டியை எடுத்துக் காட்டி, "மேட்டுத்தெருவுக்கு இருபது நிமிடமாக இருந்த தண்ணீர் ஏன் எட்டு நிமிடமாகிவிட்டது" என்று கேளுங்கள். பதிலும் கேள்வியும் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை அமருங்கள். ஏறிய பிறகு வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

அங்கே தீரவில்லை என்றால் ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். கணக்குப் பற்றிய ஐயமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால், திங்கட்கிழமை காலையில் கொக்கிரகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். மனுவில் ஒரே ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். தலைவரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். தேதி, தெரு, நேரம், அளவு ஆகியவை இருக்கட்டும். நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, மனு எண் போட்ட சீட்டை வாங்கிய பிறகே பேருந்து ஏறுங்கள்.